அப்பன் காடு, ஆத்தா வூடு

கொக்கரக்... அவ்வளவுதான். மீதி வரவில்லை.

எங்கள் தெருமுனைக் கறிக்கடையில், சாக்குப் போர்த்திய கூண்டுக்குள்ளிருந்து ஒரு சேவல் கூவத் தொடங்கி நடுவில் நிறுத்திவிட்டது. கடைக்காரர் உள்ளே கையை விட்டாரோ, அதற்கே மனசில்லையோ. பால் பாக்கெட்டும் கையுமாக நான் நின்றுவிட்டேன், மிச்சத்துக்காக. ஐம்பதைத் தாண்டிய ஆள் ஒரு சேவலின் மிச்சக் கூவலுக்காகத் தெருவில் காத்து நிற்பதைப் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும். அந்த அரைக் கூவலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில், ஜவ்வாது மலையில், என் மேசைக்கடியில், பத்தொன்பது நாள்.

அந்தச் சேவல் வீட்டுச் சேவலைப்போல ஆரம்பிக்கும். பிறகு காட்டுச் சேவலின் வெட்டி வெட்டி விழும் குரலுக்குத் தாவப் பார்க்கும். இரண்டும் தொண்டையில் இடித்துக்கொண்டு நின்றுவிடும். அப்புறம் ஒரு மௌனம். அந்த மௌனத்துக்குள் எப்போதும் ஒரு மனிதர் நிற்கிறார். மேல் பித்தான் இல்லாத காக்கிச் சட்டை. வெற்றிலை போடாத, பீடி குடிக்காத வாய். ஏதோ ஒரு கணக்கைச் சரியாகச் சொல்வதற்காகத் திறந்த வாய்.

காட்டிலாகாவில் தினக்கூலி வாட்சர் அவர். மலைக்காரர். அலுவலகத்துக்குப் பின்னால் சரிவில் கொஞ்சம் சாமைக் கொல்லை, மூன்று புளியமரம், ஒரு கூரை வீடு. நான் ஆலங்காயத்திலிருந்து வந்த தற்காலிக கிளார்க். பட்டப்படிப்பும் கவிதை நோட்டும் வைத்திருந்தேன், வேறொன்றும் இல்லை. என்னைவிட அவருக்குப் பத்து வயது கூட இருக்கும். பதினோரு வருஷமாகத் தினக்கூலி. அந்த வருஷம் நிரந்தரமாக்கும் பட்டியலில் அவர் பெயர் ஏறியிருந்தது. அவர் வாழ்க்கையில் நல்லது என்று ஒன்று நடப்பதாக இருந்தால் அது அந்தத் தாளில்தான் இருந்தது.

ஜீப் டிரைவர் அவருக்கு வைத்த பேர் முக்கால். மேல் முகாமுக்கு எவ்வளவு தூரம் என்று ரேஞ்சர் ஒரு தடவை கேட்டார்.

"நாலு மைலு இருக்குமாய்யா?"

"நாலு இல்லீங்க சாமி. மூணே முக்காலு. மழ பேஞ்சா நாலு."

"மழ பேஞ்சா பூமி நீளுமா?"

"ஓடையில தண்ணி வந்துடும் சாமி. சுத்தினு போவணும்."

டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. சரியாகச் சொல்லிவிட்ட ஆறுதல் மட்டும் அந்த முகத்தில் இருந்தது. தாகம் தீர்ந்ததுபோல.

அவருடைய குணம் அதுதான். ஒன்றையும் முழுதாக்கிச் சொல்ல மாட்டார். உள்ளது உள்ளபடி, பிசிறோடு, ஓரம் கிழிந்தபடியே எடுத்து நீட்டுவார். நட்ட கன்றுகளில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கணக்குக் கேட்டால் மற்ற வாட்சர்கள் எல்லாம் இருக்கிறது என்பார்கள். கேட்பவருக்கும் வேண்டியது அந்தப் பதில்தான். இவர் மட்டும் தலையைச் சொறிந்து நிற்பார்.

"நானூத்திப் பதினொண்ணு நல்லாகீது சார். முப்பத்தாறு போச்சி. ஒம்பது இன்னும் முடிவு பண்ல."

"யாரு முடிவு பண்ல?"

"அதுங்கதான் சார். வேரு புடிக்கலாமா வேணாமான்னு நிக்கிதுங்க."

பேனாவை வைத்துக்கொண்டு நான் திணறுவேன். உயிருள்ளவை, பட்டுப்போனவை என்று தாளில் இரண்டு கட்டம்தான் அச்சடித்திருந்தது. முடிவு பண்ணாதவற்றை உயிருள்ளவற்றோடு சேர்த்துக்கொள்வேன். என் எழுத்து அழகாக இருக்கும். கூட்டல் சரியாக இருக்கும். அந்த ஒன்பது கன்றுகளும் காகிதத்தில் தழைத்துக் காட்டில் காயும்.

பிள்ளைகள் எத்தனை என்று யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். அம்மை ஊசி போட வந்த நர்சம்மா கேட்டாலும், ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் கேட்டாலும்.

"ரெண்டும், ஒரு நாளும்."

முதல் தடவை எனக்குப் புரியவில்லை. நிரந்தரப் பட்டியலுக்காக விண்ணப்பம் நிரப்பும்போதுதான் விளங்கியது. மூத்தது பெண். விடியலில் பிறந்து, மறுநாள் விடிவதற்குள் போய்விட்டது. பேர் வைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு பெண், ஒரு பையன். நான் ‘2’ என்று போட்டேன். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், எண்கள் தெரியும், எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். அந்த இரண்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அந்த ஒரு நாளு?"

"அதுக்கு இதுல எடமில்லீங்களே."

கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்தார். அதன் அகலத்தை அளப்பவர்போல.

"எழுதாட்டிப் போவுது கிளார்க்கு சார். வாயில சொல்லும்போது வுட்டுடாதீங்க. நாம சொல்லலன்னா அது இருந்ததே இல்லன்னு ஆயிடும்."

அவர் வீட்டுக்காரி இதைக் கேட்டால் எரிந்து விழுவாள். கோபமெல்லாம் வாயில்தான், கண்ணில் வேறென்னவோ இருக்கும். ஒரு நாள் அவர் வீட்டு வாசலில் கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தேன்.

"சார், நீங்களாவது சொல்லுங்க. இந்தாளு ஒரே ஒரு பொய்யி சொல்லியிருந்தா இந்நேரம் ஓட்டு வூட்டுல குந்தினு இருப்போம். சந்தன மரம் எத்தினி இருந்துது, எத்தினி கொறஞ்சிதுன்னு எண்ணி எண்ணிச் சொல்லிட்டு வருது. வெட்டினவன் சும்மா இருப்பானா?"

"ஒரு பொய்யி சொன்னா அதோட போவுமா?" என்றார் அவர். "அது பக்கத்துல இன்னொண்ணு வந்து குந்திக்கும்."

"குந்தட்டும். வூட்டுல எடமா இல்ல?"

அன்றைக்குத்தான் கூரை முகட்டில் அந்தச் சேவலை முதலில் பார்த்தேன்.

உடம்பு வீட்டுச் சேவல். செம்பும் கறுப்பும். கழுத்து மட்டும் சாம்பல். காட்டுச் சேவலின் கழுத்தில் மெழுகு சொட்டி உறைந்ததுபோலப் புள்ளிகள் மின்னும். இதற்கும் இருந்தன, ஆனால் உறையாமல் ஓடிவிட்டவைபோல மங்கலாக. கொண்டை சின்னது. கண் ஓரிடத்தில் நிற்காது. பார்க்கப் பார்க்க எனக்குள் என்னவோ பறந்தது. இரண்டு உலகம் ஒரு தோலுக்குள் என்று நோட்டில் எழுதினேன். அப்போது அப்படித்தான் எழுதுவேன்.

"இது கூண்டுலயும் தூங்காது, மரத்துலயும் தூங்காது," என்றார் அவர். "கூர மோட்டுலதான். மழையில கூட."

கதை இதுதான். அவர்கள் வீட்டுக் கோழி ஒன்று மழைக்கு முன்னால் காணாமல் போனது. கொல்லை ஓரம் உண்ணிச்செடிப் புதருக்குள் முட்டை வைத்து அடைகாத்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்பே ஒரு காட்டுச் சேவல் தினம் விடியலில் கொல்லைக்கு இறங்கி வருவதையும், இந்தக் கோழி அதன் பக்கமாக மேயப் போவதையும் பார்த்திருக்கிறார். யாரும் பிடிக்கவில்லை, யாரும் கட்டவில்லை. காடும் வீடும் தாமாகச் சேர்ந்துகொண்டன.

"அஞ்சு குஞ்சு சார். மூணு ஆத்தா சாடை. ஒண்ணு மூணாம் நாளு செத்துது. ஒண்ணு இது."

டிரைவர் விடுவானா. "கூடினதுகூட தெரியும்ன்ற. நீதான் வெளக்குப் புடிச்சியா முக்காலு?"

"வெளக்கு எதுக்கு சார். விடிஞ்சிடுச்சே."

ஆனால் அந்தச் சேவலின் வாழ்க்கை வேடிக்கை இல்லை. காட்டுச் சேவல் வந்தால் இதை அடிக்கும். வீட்டுச் சேவலும் அடிக்கும். புதருக்குள் ஓடும், ரத்தத்தோடு திரும்பி வரும். வாசலில் இரை போட்டால் கிட்ட வராது, எட்டவும் போகாது. எது அதன் இடம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. அவர் மட்டும் அதற்கென்று ஓர் இடத்தில், வாசலுக்கும் புதருக்கும் சரி நடுவில், ஒரு பிடி சாமை வைப்பார். அடியெண்ணி நடந்துபோய் வைப்பார்.

பேர் போடாத மொட்டைக் கடுதாசி ஒன்று வந்தது. காட்டிலாகா வாட்சரே காட்டுக்கோழி பிடித்து வீட்டில் வைத்திருக்கிறார் என்று. யார் எழுதியிருப்பார் என்று எல்லாருக்கும் தெரியும். சந்தன மரத்தின் எண்ணிக்கை குறைந்த கதையைச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கடுதாசி வந்திருக்காது. நேரமும் கெட்ட நேரம். காட்டுச் சேவலின் கழுத்துத் தோலை வெளிநாட்டுக்காரர்கள் வாங்குகிறார்கள், அந்த இறகைத் தூண்டில் முள்ளில் கட்டி மீன் பிடிக்கிறார்களாம், ஆகவே கடுமையாக இருக்கவும் என்று மேலிருந்து ஓலை வந்திருந்தது. யாரோ ஒருவன் எங்கோ ஒரு குளிர்ந்த ஆற்றில் மீன் பிடிப்பதற்கும் இந்த மனிதரின் கூரை முகட்டுக்கும் நடுவில் ஒரு நூல் ஓடியது. அந்த நூல் அவர் கழுத்தில் விழுந்தது.

சேவலைக் கூடையில் கவிழ்த்துக் கொண்டுவந்தார்கள். தொண்டிப் பொருள் என்று எண் போட்டு என் மேசைக்கடியில் வைத்தார்கள். ரேஞ்சர் கெட்டவர் இல்லை. விஷயத்தை முடித்துவிடத்தான் பார்த்தார்.

"யோவ், ரெண்டுல ஒண்ணு சொல்லு. காட்டுக்கோழின்னா கேஸு. வூட்டுக்கோழின்னா வூட்டுக்குப் போ."

"ரெண்டுல ஒண்ணு இல்லீங்க சாமி. அப்பன் காடு, ஆத்தா வூடு."

"அப்பிடியெல்லாம் காயிதத்துல எழுத முடியாதுய்யா."

"அதுக்கு நா இன்னா பண்றது சாமி? அது அப்பிடித்தான் பொறந்துது."

ரேஞ்சர் என்னைப் பார்த்தார். "நீ பக்குவமா எழுதி வாங்குப்பா. பெரியவரு வர்றதுக்குள்ள ஃபைல் சுத்தமா இருக்கணும்." தொப்பியை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அறையில் நாங்கள் இருவரும், மேசைக்கடியில் அதுவும். அவர் சொன்னார். விடியல், உண்ணிச்செடி, அஞ்சு முட்டை, மூணு ஆத்தா சாடை. நான் தலையாட்டிக்கொண்டே எழுதினேன். எழுதியது இது: மேற்படி சேவல் என் வீட்டில் என் வீட்டுக் கோழிகளுக்குப் பிறந்து வளர்ந்த வீட்டுச் சேவல்தான் என்றும், காட்டுக்கோழிக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்றும் உறுதி கூறுகிறேன். எழுதி முடித்துவிட்டு அவருக்குப் படித்துக் காட்டினேன். படித்துக் காட்டியது வேறு. அப்பன் காடு, ஆத்தா வூடு என்று அவர் சொன்னதையே திரும்பச் சொன்னேன். கண் ஒரு வரியில் ஓடியது, வாய் இன்னொரு வரியில். அவர் முகம் மலர்ந்தது.

"சரியா எழுதிட்டீங்க சார். எடமிருந்துதா?"

"இருந்துது."

நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். ஒவ்வோர் எழுத்தாக. நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பெரிய அதிகாரி வரத் தாமதமானது. பத்தொன்பது நாள். தினம் காலையில் சாமை கொண்டுவந்து கூடை இடுக்கு வழியாகப் போடுவார். கூவலையும் எண்ணுவார்.

"இன்னிக்கு ரெண்டு வாட்டி கூவிச்சி சார். ரெண்டும் அரை."

"அப்போ ஒண்ணு," என்று சீண்டினேன்.

"இல்லீங்க. ரெண்டு அரை."

வந்தார் அதிகாரி. பட்டியலைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார், கூடையைத் திறக்கச் சொன்னார். கழுத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். மங்கலான அந்தப் புள்ளிகள்.

"இது வூட்டுச் சேவலா?"

நான் வேண்டினேன். எந்தச் சாமியை என்று தெரியாது. இந்த ஒரு தடவை, ஆமாம் என்று மட்டும்.

"பாதிங்க," என்றார் அவர். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். விடியல், உண்ணிச்செடி, அஞ்சு முட்டை.

அதிகாரி வாக்குமூலத்தை எடுத்து உரக்கப் படித்தார். யாதொரு சம்பந்தமும் இல்லை என்ற இடத்தில் நிறுத்தினார். வாட்சரின் கண் மெல்லத் திரும்பி என் மேல் வந்து நின்றது. கோபம் இல்லை. ஒரு கணக்கு எங்கே பிசகியது என்று தேடும் கண்.

"கையெழுத்து உன்னுதா?"

"ஆமாங்க."

"இப்பிடி எழுதச் சொன்னது யாரு? நீ சொல்லித்தான் எழுதினாங்களா?"

நான்தான் என்று ஒரு சொல். ஒரே சொல். தற்காலிக வேலை, ஆலங்காயத்தில் அம்மா, ஒரு தங்கை. எல்லாம் அந்தச் சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. ஜன்னலுக்கு வெளியே ஜீப் டிரைவர் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் கேட்டது. வாட்சர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மேசையின் விளிம்பைப் பார்த்தேன்.

"ஆமாங்க சாமி," என்றார். "நான்தான் அப்பிடிச் சொன்னேன்."

அவர் சொல்லி நான் கேட்ட முதல் பொய். அது என் கணக்கில்.

"உள்ளத உள்ளபடி எழுதிக் குடுத்திருந்தா கண்டிச்சி வுட்டிருப்பேன்," என்றார் அதிகாரி. வருத்தமாகத்தான் சொன்னார். "பொய் வாக்குமூலம் குடுக்கிற ஆளுக்கிட்ட எப்பிடிக் காட்ட நம்பி ஒப்படைக்கிறது?" பட்டியலில் ஒரு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டார். நாளையிலிருந்து வர வேண்டாம்.

சேவல் எந்த இனம் என்று தீர்மானிக்கத் தோலை உரித்து அனுப்பும்படி எழுதிவிட்டுப் போனார். உரிக்கத் தெரிந்தவர் யார் என்று ரேஞ்சர் கேட்டார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அன்று சாயங்காலம் அலுவலகத்துக்குப் பின்னால், அவருடைய கடைசி வேலையாக, அவரே செய்தார். கழுத்தைத் திருகுமுன் அதன் தலையை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். கழுத்துப் புள்ளிகள் கெடாமல் தோலை எடுத்து உப்பும் மஞ்சளும் தடவி என்னிடம் கொடுத்தார். நான் காகிதத்தில் சுற்றி முகவரி எழுதினேன். என் எழுத்து அழகாக இருந்தது.

பல மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது. மாதிரி அழுகிய நிலையில் வந்து சேர்ந்ததால் இனம் தீர்மானிக்க இயலவில்லை.

அதற்குள் அவர்கள் போயாகிவிட்டது. குடகில் காப்பித் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சாமை அறுப்புக்குக்கூட நிற்காமல் கிளம்பினார்கள். மலையடிவாரத்துக்குப் போகும் மத்தியான பஸ். நான் போனேன். போகாமல் இருக்கவும் தைரியமில்லை.

மூட்டை இரண்டு, ஒரு அலுமினியக் குண்டான், பெண், பையன். வீட்டுக்காரி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர் சொல்லியிருப்பார், வீட்டில் அவர் உள்ளதைத்தானே சொல்வார்.

"ஒரு பொய்யி சொன்னா ஓட்டு வூடுன்னேன்," என்றாள் மலையைப் பார்த்து. "கூர வூடும் போச்சி."

"சும்மா இருமே," என்றார் அவர்.

பஸ் வளைவில் உறுமுவது கேட்டது. அதற்குள் கேட்டுவிட வேண்டும்.

"ஏன் அப்பிடிச் சொன்னீங்க? நான்தானே எழுதினேன். சொல்லியிருக்கலாமே."

அவர் யோசித்தார். எப்போதும்போல, சரியான பதிலுக்காக. வாய் திறந்தது. கீழே தூசி பறக்க பஸ் வந்து நின்றது. திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. அந்தப் பதில் எனக்கு வரவே இல்லை.

மூட்டைகளை ஏற்றிக் கொடுத்தேன். பிள்ளைகளைத் தூக்கி உள்ளே விட்டேன். அவர் கடைசியாகப் படியில் கால் வைத்தார். கண்டக்டர் டிக்கெட் கட்டைத் தொடையில் தட்டிக்கொண்டு கேட்டான்.

"பெரியவங்க ரெண்டு. புள்ளைங்க எத்தினி?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அன்று அதிகாரியின் முன்னால் பார்த்த அதே பார்வை. நான் மிச்சத்துக்காகக் காத்திருந்தேன்.

"ரெண்டுதான்," என்றார்.